பத்துக்கு மூன்று

ஜூலை 3, புதன்

இன்று முதல் நான் மாணவன். அறுபத்தோரு வயதில்.

உள்ளாட்சித் தணிக்கையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். ஜீப் சத்தம் கேட்டாலே நகராட்சிகளில் மேஜை துடைப்பார்கள். இன்று எவனோ பழைய மாணவன் காம்பஸால் காதலியின் பெயரைச் செதுக்கி வைத்த பெஞ்சில் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. ஓடுகிறது, காற்றுதான் இல்லை.

எம்.ஏ. வரலாறு. வயது வரம்பு கிடையாது என்று பல்கலைக்கழக விளம்பரத்தில் போட்டிருந்தது. அந்த விளம்பரத்தை வெட்டி என் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தவள் பிரமு. மனைவி என்றால் அப்படி இருக்க வேண்டும். என் அறிவுத் தாகம் அவளுக்குத் தெரியும்.

முதல் வகுப்பு வரலாற்று எழுதியல். வரலாற்றை எப்படி எழுதுவது என்று கற்றுத்தரும் பாடமாம். எடுப்பவள் ஜெபசெல்வி என்ற பெண். முப்பது வயது இருக்கும். கௌரவ விரிவுரையாளர். நிரந்தர வேலை கொடுக்க மனமில்லாதவர்களுக்கு நம் அரசாங்கம் கொடுக்கும் கௌரவம் அது. வருஷா வருஷம் புதுப்பித்தால் உண்டு.

வந்ததும் 'வகுப்பு விதிகள்' என்று ஒரு தாளை எல்லோருக்கும் கொடுத்தாள். பத்து மணிக்குக் கதவு சாத்தப்படும். போன் பைக்குள் இருக்க வேண்டும், அடித்தால் அவள் மேஜைக்குப் போகும். கட்டுரையைக் கையால் எழுத வேண்டும். ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் ஒரு மதிப்பெண் போகும். மதிப்பெண்ணில் குறை இருந்தால் ஒரு வாரத்துக்குள் எழுதிக் கேட்கலாம். கேட்டால் முழுக் கட்டுரையும் மறுபடி திருத்தப்படும், கூடினாலும் கூடும், குறைந்தாலும் குறையும்.

விதி எழுதுவதைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டாள். சிவப்புப் பேனாவால் இரண்டு ஒற்றுப்பிழைகளைச் சுழித்து அவளிடமே கொடுத்தேன். பார்த்துவிட்டு, "முதல் பிழை சரி, நன்றி சார். ரெண்டாவது பிழை இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். போகட்டும்.

வருகைப் பதிவில் வெறுமே "ஆவுடையப்பன்" என்று வாசித்தாள். சார் இல்லை, ஐயா இல்லை. நகராட்சி ஆணையர்களே என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஜூலை 9, செவ்வாய்

பஸ் தாமதம். போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். பாதி திறந்தாள்.

"பத்து தாண்டிட்டு சார்."

"பஸ் லேட்டும்மா."

"அதுக்கு முந்தின பஸ்ல வாங்க சார்."

சாத்திவிட்டாள். என் முகத்துக்கு நேரே.

வெளியே வாகை மரத்தடியில் என் வகுப்புப் பெண் பேச்சி உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாள். சேரன்மகாதேவிப் பக்கத்துக்காரி. அவளும் தாமதம், கவலையே இல்லை.

"உக்காருங்க அண்ணாச்சி. ஆபீஸ்ல லேட்டா வந்தவுகள நீங்க என்ன செய்வீக?"

"அரை நாள் லீவு போட்டிருவேன்."

அந்தப் பிள்ளை புரையேறும்வரை சிரித்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

ஜூலை 18, வியாழன்

வகுப்பு நடுவில் என் போன் அடித்துவிட்டது. வகுப்பு முடியும்வரை அது அவள் மேஜைமேல் இருக்க வேண்டுமாம். நாற்பது பேர் பார்க்க, ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி எழுந்து போய்ப் போனை வைத்துவிட்டு வந்தேன்.

கூப்பிட்டது பிரமு. சாயங்காலம் வரும்போது சேனைக்கிழங்கு வாங்கி வரச் சொல்ல. வீட்டுக்கு வந்து அவளைச் சத்தம் போட்டேன். மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள் போனை வைக்காமலே தலையாட்டினாள். "பத்திலருந்து நாலு வரைக்கும் வீடு வீடா இருக்குட்டி" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன அர்த்தமோ. பெண்கள் பேச்சு.

ஜூலை 31, புதன்

முதல் கட்டுரைக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறாள். 'உங்கள் ஊரில் ஒரு பொது இடத்தின் வரலாறு.' எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியது.

எனக்கென்ன கஷ்டம்? எங்கள் ஊர் மணிக்கூண்டு இருக்கிறது. என் பெரிய தாத்தா ஊருக்காகத் தானமாகக் கட்டிக்கொடுத்தது. எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கட்டுரையைக் கொடுத்தேன். பேச்சியின் கட்டுரையை எட்டிப் பார்த்தேன். அவளுடைய ஊர்ப் படித்துறையைப் பற்றி. கோழி கிளறியது போல் கையெழுத்து. பாவம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பத்துக்கு மூன்று.

எனக்கு. மூன்று.

பக்கத்துக்குப் பக்கம் பச்சை மையில் ஒரே வார்த்தை: ஆதாரம்? 'பெரியவர் தம் சொந்தச் செலவில் இதை எழுப்பினார்' என்று எழுதினால், ஆதாரம்? 'அன்றைய கலெக்டரே நேரில் வந்து பாராட்டினார்' என்றால், ஆதாரம்? கடைசியில், 'கையெழுத்து மிக அழகு' என்று ஒரு வரி. கையெழுத்துக்கு மார்க் போடுகிற வயதா எனக்கு?

"ஊருக்கே தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்கும்மா ஆதாரம்?" என்று கேட்டேன்.

"நீங்க ஆடிட்ல இருந்தவங்கதானே சார்? ஊருக்கே தெரியும்னு ஒரு பஞ்சாயத்து சொன்னா விட்டிருப்பீங்களா?"

வகுப்பு சிரித்தது. அது வேறு, இது வேறு. அதைக்கூட விளக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

பேச்சிக்கு எட்டு. படித்துறைக்கு.

ஆகஸ்ட் 29, வியாழன்

அவளுடைய விதிப்படியே மறுதிருத்தம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். வாங்கி வாசித்துவிட்டு, "சரி சார், கொஞ்சம் டைம் வேணும்" என்றாள். எட்டுக்குக் குறைந்தால் ஒப்புக்கொள்வதாக இல்லை.

செப்டம்பர் 5, வியாழன்

மத்தியானம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டேன். கலைவரலாறு எடுப்பவர் பாடப் புத்தகத்தை அப்படியே வாசிக்கிறார். அதை நான் வீட்டிலேயே வாசித்துக்கொள்வேன்.

எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் இறங்கினால், குழாயடியில் ஜெபசெல்வி. வேலை நேரத்தில்! கை முழுக்கப் பசையும் கரியுமாக, கழுவிக்கொண்டு நிற்கிறாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

எனக்குக் கதவைச் சாத்துகிறவள், பட்டப்பகலில் ஊர் சுற்றுகிறாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மறுதிருத்தம் வந்தது. இரண்டரை.

குறைத்திருக்கிறாள்! பெரிய தாத்தாவுக்கும் மணிக்கூண்டுக்கும் தொடர்பு இருப்பது உண்மை என்று அரை மதிப்பெண் கூட்டி, ஏழாம் பக்கத்தில் ஒரு பத்தி நகராட்சி விழா மலரிலிருந்து அப்படியே எடுத்தது, எங்கிருந்து என்று சொல்லவில்லை என்று ஒன்று கழித்திருக்கிறாள். கீழே, 'மணிக்கூண்டின் பின்பக்கக் கல்வெட்டைப் பார்க்கவும்.'

நான் பிறந்து வளர்ந்த ஊர் மணிக்கூண்டை நான் பார்க்க வேண்டுமாம். கல்வெட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. சினிமா போஸ்டர்தான் இருக்கிறது.

சாப்பிடவில்லை. பிரமு, "என்ன, பெயிலா?" என்றாள். 

செப்டம்பர் 11, புதன்

மனு எழுதினேன். பெறுநர் துறைத்தலைவர், நகல் பதிவாளருக்கு. எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. ஆனால் கை மறக்கவில்லை. மூத்த குடிமகனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியது. கைப்பேசியைப் பறித்தது. மதிப்பெண் வழங்கியதில் பாரபட்சம். நான்காவதாக: 'செப்டம்பர் ஐந்தாம் தேதி பணி நேரத்தில் அனுமதியின்றி வெளியூர் சென்று சொந்த அலுவலாகச் சுற்றித் திரிந்ததை நேரில் கண்டேன்.'

ஒரு திருத்தம்கூட இல்லாமல் வந்தது. பிரமுவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அனுமதி இல்லாமத்தான் போனான்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள்.

இவளுக்கு அலுவலக நடைமுறை தெரியாது.

செப்டம்பர் 26, வியாழன்

துறைத்தலைவர் முனைவர் குற்றாலிங்கம் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். இந்தக் கட்டடத்தில் எனக்கு மரியாதை கொடுத்த முதல் ஆள்.

"உங்கள மாதிரி அனுபவசாலி எழுதினா அதுக்கு ஒரு வெயிட் இருக்கு சார். அந்தம்மாவுக்கு மெமோ குடுத்தாச்சு. நாலாவது பாயிண்ட் ஒண்ணு போதும், அடுத்த வருஷம் ரினியூவல் கிடையாது."

"அனுமதி வாங்கித்தான் போனேன்னு சொல்லலியா?"

"எங்கிட்ட வாயால கேட்டுட்டுப் போனாளாம். நான் ஒண்ணும் குடுக்கல. எழுத்துல இருக்கா? இல்ல." சிரித்தார். "நம்ம சொந்தக்காரப் பையன் ஒருத்தன் பிஎச்.டி. முடிச்சிட்டுச் சும்மா இருக்கான். நல்ல பையன்."

எதற்கு என்னிடம் அதைச் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால், இப்படிப்பட்ட சிரிப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பொய்ப் பட்டியல் வைத்த அலுவலகங்களில், நாங்கள் போய் உட்கார்ந்ததும் முதலில் வருவது டீ. அடுத்து இந்தச் சிரிப்பு.

டீ நன்றாக இருந்தது.

செப்டம்பர் 30, திங்கள்

பேச்சி இன்று என் பக்கத்தில் உட்காரவில்லை. வகுப்பு முடிந்ததும் வாகை மரத்தடியில் வழிமறித்தாள்.

"நீங்கதான் எழுதிப் போட்டீகளா?"

"உனக்கெதுக்கு அது?"

"அன்னைக்கு நானும்தான் மிஸ் கூடப் போனேன். உங்க ஊருக்கு எதுக்குப் போனோம்னு தெரியுமா? உங்க மணிக்கூண்டைப் பாக்கத்தான். 'அவர் இவ்வளவு உறுதியாச் சொல்லுதாரே, நிஜமா இருந்துட்டா நாம மார்க் குறைச்சது தப்பாயிரும்'னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாக. போஸ்டர் பசையெல்லாம் நகத்தால சுரண்டி, தண்ணி ஊத்திக் கழுவித்தான் வாசிச்சோம். நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன்." போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நான் வாழைப்பழம் வாங்கப் போன நேரத்துல பாத்துட்டு வந்து எழுதியிருக்கீக."

"முறைப்படி எழுதித்தானே அனுமதி வாங்கியிருக்கணும்?"

"எச்.ஓ.டி. 'போயிட்டு வாங்கம்மா'ன்னு சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். உங்களுக்கு அண்ணாச்சின்னு மரியாதை குடுத்தேன் பாருங்க."

வாயாடிப் பெண். அடக்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

காலையில் பால் வாங்கப் போன வழியில் மணிக்கூண்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். வழியில் இருந்ததால்தான்.

கல்வெட்டு இருக்கிறது. சுரண்டிய இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. நகரசபையார் பொதுநிதியில் கட்டியது. கீழே, 'கண்டிராக்டர்' என்று பெரிய தாத்தா பெயர்.

தானம் இல்லை. கூலி வாங்கிக்கொண்டு கட்டியிருக்கிறார்.

பால் திரிந்துவிட்டது. வெயிலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

அக்டோபர் 3, வியாழன்

இரண்டாவது கட்டுரைக்கு ஜெபசெல்வி தலைப்பு கொடுத்தார். 'ஏதேனும் ஓர் ஆவணத்தை எடுத்துக்கொண்டு, அது எவ்வளவு நம்பத்தக்கது என்று ஆராய்க.' எழுதியவர் யார், எப்போது எழுதினார், எந்த நோக்கத்தில், எதைக் கண்ணால் பார்த்தார், எதை ஊகித்தார் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பதினைந்தாம் தேதிக்குள்.

வருகைப் பதிவில் என் பெயரை வழக்கம்போல் வாசித்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மெமோ வாங்கியவர் மாதிரியே இல்லை. இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் "உள்ளேன்" என்றேன். மின்விசிறிச் சத்தம்.

அக்டோபர் 7, திங்கள்

துறைத்தலைவரிடம் போய் மனுவைத் திரும்பக் கேட்டேன். அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்ததாக ஞாபகம்.

"மனுவ நீங்க வாபஸ் வாங்கலாம் சார். ஃபைல் ஆரம்பிச்சாச்சே, அத யாரு வாபஸ் வாங்குறது? விசாரணைக் கமிட்டி போட்டாச்சு" என்றார்.

"அன்னைக்கு நீங்க வாயால அனுமதி குடுத்தத ஒரு பிள்ளை கேட்டிருக்கு."

சிரிப்பு நின்றது. "எந்தப் பிள்ளை?"

பெயர் சொல்லவில்லை. இந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். இவர்கள் எழுத்தில் எதையும் கொடுக்க மாட்டார்கள். எதிர்த்துச் சாட்சி சொல்பவர் பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொள்வார்கள்.

அக்டோபர் 12, சனி

கட்டுரைக்கு ஆவணம் தேடினேன். வீட்டில் பழைய பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றன. எதுவும் சரிப்படவில்லை. கையில் நகல் இருந்ததால், வசதியை உத்தேசித்து, என் மனுவையே எடுத்துக்கொண்டேன்.

சுண்டல் வேகவில்லை என்று பிரமுவிடம் சொல்லப் போனவன், மனுவை வாசித்த அன்றே அவள் கேட்ட கேள்வி ஞாபகம் வந்து, அப்படியே தின்றேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

கட்டுரை முடியவில்லை. பேச்சி போட்டோவை அனுப்ப மாட்டேன் என்கிறாள்.

"எதுக்கு, அழிக்கவா?"

"கட்டுரைக்கு."

"எந்தக் கட்டுரைக்கு?"

சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு போட்டோவை அனுப்பினாள். அனுமதி கொடுத்ததைத் தன் காதால் கேட்டதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தாள்.

"உன் பேரு வெளிய வரும். யோசிச்சுக்கோ" என்றேன்.

"வரட்டும். எனக்கு இன்டர்னல் போடுறது மிஸ்தான, அவரில்லையே."

"அடுத்த செமஸ்டர்ல அவரும் ஒரு பேப்பர் எடுப்பாரு."

"எடுக்கட்டும் அண்ணாச்சி."

அண்ணாச்சி திரும்ப வந்துவிட்டது. கவனித்தேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 17, வியாழன்

கொடுத்தேன். இரண்டு நாள் தாமதம். அவர் வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். தலைப்பை வாசித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பையில் வைத்துக்கொண்டார். "ரெண்டு மார்க் போகும் சார்" என்றார்.

"தெரியும்" என்றேன்.

அக்டோபர் 24, வியாழன்

விசாரணைக் கமிட்டி. மூன்று பேர். அதில் ஒருவருக்கு விசாரணை முடியும்வரை கொட்டாவி முடியவில்லை. புகார்தாரர் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டார்கள். கட்டுரையின் நகலை, பேச்சியின் தாளையும் போட்டோவையும் சேர்த்துக் கொடுத்தேன்.

"இது என்ன சார், மனுவோட இணைப்பா?" என்றார் கமிட்டித் தலைவர்.

"மனுவப் பத்தின தணிக்கை அறிக்கைன்னு வச்சுக்கோங்க. முதல் மூணு குற்றச்சாட்டும் வகுப்பு விதிகள்லயே எழுதியிருக்கு, முதல் நாளே எங்கிட்ட குடுத்துட்டாங்க. நாலாவதுல நான் பாத்தது அவங்க கை கழுவினத மட்டும்தான். அனுமதி இல்லங்கிறதும் சொந்த வேலைங்கிறதும் நான் சேத்துக்கிட்டது. எழுதினவருக்கு முந்தின நாள் ரெண்டரை மார்க் வந்திருந்தது, அதையும் குறிச்சிருக்கேன்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த குற்றாலிங்கம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாவிக்காரர் மட்டும் கட்டுரையைப் புரட்டி, "கையெழுத்து பிரமாதம் சார்" என்றார். படித்தவர்கள்!

அக்டோபர் 30, புதன்

நாளைக்குத் தீபாவளி. முறுக்கு பிழிய அச்சைப் பிடிக்கச் சொன்னாள் பிரமு. பிடித்தேன். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று ஜெபசெல்விக்குக் கடிதம் வந்திருப்பதாகப் பேச்சி போனில் சொன்னாள்.

நவம்பர் 8, வெள்ளி

கடைசி வகுப்பு. கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு ஒன்பது போட்டு, இரண்டைக் கழித்து, ஏழு. வருகைக்கான மதிப்பெண்ணும் சேர்த்து இன்டர்னல் மொத்தம் இருபத்தைந்துக்குப் பதினான்கு.

எல்லோரும் போனபிறகு நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை. அவர் கரும்பலகையை அழித்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு ரினியூவல் இல்ல சார். நேத்து சொல்லிட்டாங்க. புகாருக்காக இல்லையாம், நிர்வாகக் காரணமாம்."

"நான் வேணும்னா பதிவாளருக்கு..."

"எழுதாதீங்க சார்." திரும்பினார். சிரிக்கவில்லை. "எனக்கு உங்க மேல கோபம் இருக்கு. நாலு வருஷம் இங்க வேலை பாத்தேன். ஆனா கோபத்துக்கு மார்க் குறைக்க என் விதியில இடமில்ல. அந்தக் கட்டுரை ஒன்பதுக்குத் தகுதியானது. அதனால ஒன்பது."

"அடுத்து எங்கம்மா?"

"தேடணும்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுண்ணக்கட்டி டப்பாவை மேஜைமேலேயே விட்டுவிட்டார். அதை எடுத்துத் துறை அலுவலகத்தில் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ள ஆளில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 9, சனி

எதுவும் செய்யவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

குற்றாலிங்கம் கூப்பிட்டு அனுப்பினார். மறுபடி நாற்காலி. மறுபடி டீ. பக்கத்தில் ஒரு பையன் நின்றான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஜனவரியிலிருந்து ஜெபசெல்வியின் இடத்துக்கு இவர்தானாம்.

"நடந்தது நடந்துபோச்சு சார். நம்ம டிபார்ட்மென்ட்டுக்குள்ள மனஸ்தாபம் வேண்டாம். உங்க இன்டர்னல் பதினாலுன்னு பாத்தேன். ரொம்பக் கம்மி. இன்னும் மேல அனுப்பல. இவரு கையெழுத்துலயே இருபத்தி ரெண்டாக்கிரலாம்."

"அந்தப் பேப்பர இவரு திருத்தலையே."

"திருத்த வேண்டாம் சார், போட்டா போதும்."

பையன் தலையாட்டினான்.

"பேச்சிக்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளைக்கு இருபத்தொண்ணு இருக்கு. கொஞ்சம் ஜாஸ்திதான். பாக்கணும்."

"ரெண்டையும் தொடக் கூடாது" என்றேன். "அவளுக்கு இருபத்தொண்ணு. எனக்குப் பதினாலு. அந்தம்மா என்ன போட்டாங்களோ அதுதான் மேல போகணும்."

"அந்தம்மாதான் போயாச்சே சார். இனி யாரு கேக்கப்போறா?"

"நான் கேப்பேன்."

அந்தக் குரல் எனக்கே கொஞ்ச நாளாகக் கேட்காத குரல். பையன் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தான். குற்றாலிங்கம் மதிப்பெண் தாளை எடுத்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன். அவர் உள்ளதை உள்ளபடியே கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து, ஒட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

டீயைத் தொடாமல் எழுந்து வந்தேன். ஆடை கட்டிப்போயிருந்தது.